குடியாத்தத்தில் கட்டிய எலக்ட்ரிக் கிட்டார்

பெட்டியைப் பிரித்த அன்றே எந்த நிறம் அடிக்கலாம் என்று யோசிக்க உட்கார்ந்துவிட்டேன். கழுத்தை உடம்போடு மாட்டி ஒரு நூல் பிடித்துப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். கிட்டார் கிட் (பாகங்களாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும்) வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்: நிறம் கடைசியில். கழுத்தும், அதன் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் காடிகள் உள்ள சின்னக் கட்டையான நட்டும்தான் முதலில்.

பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு குடியாத்தம். பத்து வருஷமாக அக்கூஸ்டிக் வாசிக்கிறேன். எலக்ட்ரிக் ஒன்று வேண்டும், அதை நானே கட்ட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. டெலிகாஸ்டர் வடிவத்தில் ஒரு கிட் வரவழைத்தேன். கூரியரோடு 8,400 ரூபாய். சாயம் ஏறாத பாஸ்வுட் உடம்பு, மேப்பிள் கழுத்து, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, ஒரு வால்யூம், ஒரு டோன், மூன்று நிலை சுவிட்ச், உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோக பிரிட்ஜ், ஆறு முறுக்காணி. முதல் தடவை கட்டுபவர்களுக்கு இந்த வடிவமே நல்லது. வயர் குறைவு, பிரிட்ஜ் ஆடாது.

இந்த வடிவத்தைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது, 1951இல் டெலிகாஸ்டர் ஆனது. கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் மாட்டினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். இன்று நாம் கிட்டாகத் தருவித்து வீட்டில் பூட்ட முடிவது அந்த நான்கு ஸ்க்ரூவால்தான். என் மாமாவும் முப்பது வருஷம் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பார்த்தவர். ஃபெண்டரைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு இந்த வேலையில் தனிப் பிடிப்பு வந்துவிட்டது.

பாஸ்வுட் மென்மையான மரம், நகம் அழுந்தினாலே தடம் விழும். வழியிலேயே எங்கோ இடிபட்டு, பின்பக்கம் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. மக்கு வைத்து அடைத்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. ஈரத்துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் அழுத்தினேன். ஆவி உள்ளே இறங்க, நசுங்கிய நார் தண்ணீரைக் குடித்து மெல்ல எழும்புகிறது. மூன்றாவது தடவை துணியை எடுத்தபோது விரலால் தடவினாலும் பள்ளம் தட்டுப்படவில்லை. நார் அறுந்திருந்தால் இது பலிக்காது, நசுங்கியிருந்தால் மட்டும்தான்.

உப்புத்தாள் 120இல் ஆரம்பித்து 180, 240, 320 வரை போனேன். கடைசித் தாளுக்கு முன்னால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட வேண்டும். படுத்திருந்த நார் எழும்பி நிற்கும், அதையும் தேய்த்துவிட்டால் சாயம் போடும்போது சொரசொரப்பு வராது. தின்னரால் துடைத்தால் பசை சிந்திக் காய்ந்த இடங்கள் வெளிறித் தெரியும். சாயத்துக்குப் பிறகு அவை தேமல் மாதிரி நிற்கும் என்பதால் முன்பே சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

சாயம் என் தொழில். தோலுக்குப் போடும் மெட்டல் காம்ப்ளெக்ஸ் சாயத்தையே ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்தேன். தோலில் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு. வயிறு சாயத்தை அதிகம் குடித்துக் கருத்துவிடும். மரத்தில் நார் குறுக்கே அறுபட்ட வெட்டுமுகம்தான் வயிறு. அங்கே மட்டும் பாதிக்குப் பாதி நீர்த்த சாயம் போட்டேன். நடுவில் தேன், ஓரத்தில் கருப்பட்டி என்று நிறம் வந்தது.

அடுத்தது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இதையும் தோலுக்குத் தினமும் அடிக்கிறேன். இருந்தும் ஐப்பசி மழையில், இரண்டு மழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்ததை நம்பி மொட்டை மாடியில் அடித்தேன். பத்து நிமிஷத்தில் கருப்பட்டியின் மேல் பால் படர்ந்த மாதிரி வெளுத்தது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து லாக்கருக்குள் சிக்கிக்கொள்ளும். சரிசெய்ய ஈரமில்லாத நாள் வேண்டும். அன்றைக்கு மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்து மெல்லிசாக ஒரு கோட் அடித்தால் பழைய லாக்கர் இளகி ஈரத்தை விட்டுவிடும். அப்படி ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தேன்.

காத்திருந்த நாட்களில்தான் கழுத்தை மாட்டிப் பார்க்கத் தோன்றியது. எங்கள் ஊரில் தறி உள்ள வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. கைலி நெய்யும் நூலில் இரண்டு இழை எடுத்து, நட்டின் இரண்டு ஓரக் காடியிலிருந்து பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில்களில் இரண்டு ஓர சேடில் வரை இழுத்துக் கட்டினேன். தடித்த தந்திப் பக்கம் நூலுக்கும் கழுத்தின் விளிம்புக்கும் தாராளமாக இடம் இருந்தது. மெல்லிய தந்திப் பக்கம் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒரு மில்லிமீட்டர்தான். இப்படியே தந்தி போட்டிருந்தால் விரல் வைத்த மாத்திரத்தில் முதல் தந்தி விளிம்பை விட்டு வழுக்கியிருக்கும்.

ஸ்க்ரூவைத் தளர்த்தி, கழுத்தைப் பக்கவாட்டில் தள்ளி இறுக்கிப் பார்த்தேன், நகரவில்லை. பிரிட்ஜின் துளைகளே கோணலாக இருக்குமோ என்று பயம் வந்தது. தெருமுனையில் இருக்கும் ஆசாரி அண்ணனிடம் எடுத்துப் போனேன். கழுத்தைக் கழற்றி, அது உட்காரும் குழியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“மரத்த இன்னாத்துக்கு கொற சொல்ற தம்பி? மூலைல பசை நிக்குது பாரு.”

குழியின் உள்மூலையில் அரிசி அளவுக்குப் பசை கட்டியாக நின்றது. கால் அங்குல உளியால் இரண்டு சீவல். கழுத்து உட்கார்ந்த சத்தமே மாறியது. நூல் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. ஆனால் உளி விளிம்பில் உரசியதில் அங்கே லாக்கர் பெயர்ந்து வந்தது. அந்தப் பகுதியைத் தேய்த்து, சாயம் தொட்டு, மறுபடி ஆரம்பித்தேன். தை மாத வெயிலில் ஆறு மெல்லிய கோட். பிறகு நாலு வாரம் தொடவே இல்லை. மோந்து பார்த்தால் வரும் தின்னர் வாசம் போகும் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் 1000, 1500, 2000 தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வண்டிக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு ஏற்றினேன்.

கிட்டில் வந்த பிளாஸ்டிக் பிக்கார்டை (உடம்பில் கீறல் விழாமல் காக்கும் தகடு) நான் போடவில்லை. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதம் பண்ணின தோல், இந்தப் பக்கத்துப் பழைய கைவேலை. அதில் 2.5 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு எடுத்து, பிளாஸ்டிக்கையே அச்சாக வைத்து வெட்டினேன். விளிம்பை ஈரப்படுத்தி மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். தோல் வளையும், பிக்கப்பின் எடையைத் தாங்காது. அதனால் கழுத்துப் பக்கப் பிக்கப்பை நேரடியாக மரத்தில் ஸ்க்ரூ செய்தேன். பழைய டெலிகாஸ்டர்களிலும் அப்படித்தான்.

முறுக்காணிகளின் பொடி ஸ்க்ரூக்கள் மேப்பிளில் இறங்கும்போது தலை முறிந்துவிடும். 1.5 மி.மீ. துளை போட்டு, மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இறக்குங்கள்.

நட்டில் நிறைய நேரம் செலவழித்தேன், அதில் ஒரு நிமிஷம்கூட வீணில்லை. கிட்டில் வரும் நட்டின் காடிகள் மேடாகவே இருக்கும். முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடித்தால் விரல் வலிக்கும், சுருதியும் ஏறிக் கேட்கும். சோதிப்பது எளிது: இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தந்தியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கணும். எனக்கு அட்டையே நுழைந்தது. நட்டுக்கென்று இருக்கும் அரம் விலை அதிகம். வெல்டிங் கடையில் நாசில் சுத்தம் செய்யும் கம்பிச் செட் கிடைக்கும், பல தடிமனில் சொரசொரப்பான கம்பிகள். ஒவ்வொரு தந்திக்கும் பொருந்தும் கம்பியால் நாலு இழுப்பு, தந்தியை ஏற்றிச் சோதனை, மறுபடி நாலு இழுப்பு. மூன்றாவது தந்தியில் அளவு தாண்டிவிட்டேன், தந்தி ஃப்ரெட்டில் இரைந்தது. காடியில் ஆப்ப சோடாவை அடைத்து ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகும். அதில் புதிதாகக் காடி அறுத்தேன்.

வயரிங்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சால்டரிங் எல்லாம் நான்தான் செய்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்ப்ளிஃபையரில் சொருகியதும் ‘ம்ம்ம்’ என்று கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். தந்தியைத் தொடச் சொன்னார், மாற்றமில்லை. கேபிள் சொருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொடச் சொன்னார், சட்டென்று அடங்கியது.

“அப்ப பிரிட்ஜுக்கு எர்த்து போவல. கழட்டு.”

பிரிட்ஜுக்கு அடியில் வரும் எர்த் வயரின் தோலை நான் கொஞ்சமாகத்தான் உரித்திருந்தேன். அந்த நுனி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது, உலோகத்தைத் தொடவே இல்லை. மாமா ஒரு அங்குலம் உரித்து, செப்பு இழைகளை மயில் தோகை மாதிரி விரித்து, மரத்தின் மேல் படியவைத்து அழுத்தினார். பிரிட்ஜை இறுக்கியதும் மல்டிமீட்டரின் ஒரு முனை தந்தியில், இன்னொன்று ஜாக்கில். பீப் சத்தம் கேட்டது. இந்தச் சோதனையைத் தந்தி போடும் முன்பே செய்யலாம், ஒரு நிமிஷ வேலை.

செட்டப்பில் எனக்கு ஒத்துவந்த அளவுகள் இவை. 9-42 தந்தி (மெல்லியதும் தடித்ததும், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). முதல் ஃப்ரெட்டையும் கடைசியையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது, எட்டாவதின் மேல் 0.25 மி.மீ. இடைவெளி. அதற்காகக் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடைத் திருப்பும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், பிறகு அரைநாள் விட்டுப் பார்ப்பேன். பன்னிரண்டாவதின் மேல் தந்தி உயரம் 1.7 மி.மீ. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை 324 மி.மீ., அங்கிருந்து சேடிலுக்கும் அதே அளவோடு ஒரு துளி கூடுதல். பன்னிரண்டில் அழுத்தி மீட்டும் ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கை (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) விட ஏறினால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கினால் முன்னால்.

பதினான்காவது ஃப்ரெட் ஒன்று மட்டும் எழும்பி இருந்தது. சின்ன ஸ்டீல் ஸ்கேல் துண்டை மூன்று ஃப்ரெட்டின் மேல் வைத்தால் தராசு மாதிரி ஆடும், அப்படித்தான் கண்டுபிடித்தேன். நைலான் சுத்தியலால் இரண்டு தட்டு, இறங்கிவிட்டது.

மாமா கேட்கும்படி முதலில் வாசித்தது வெறும் ஈ மைனர் கார்டு. “இன்னொருவாட்டி” என்றார். சுவிட்சை மூன்று நிலையிலும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டி முடித்த பிறகு வந்த முதல் அக்னி நட்சத்திரத்தில் கழுத்து காய்ந்து சுருங்கியது. ஃப்ரெட் முனைகள் விளிம்பைத் தாண்டி உள்ளங்கையைக் கீறின. விளிம்பில் டேப் ஒட்டி, பொடி அரத்தைச் சாய்த்து, ஒவ்வொரு முனையாக இழைத்தேன், ஒரு சாயங்காலம் ஆனது. டிரஸ் ராடில் கால் சுற்று தேவைப்பட்டது. வைகாசி ஒன்று, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நின்ற அன்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அளந்தேன். பன்னிரண்டாவதில் மறுபடியும் 1.7.