மோஷன் சாம்பிள் லேபுக்கு வந்த பிறகு

ஸ்டூல் கல்ச்சர் (மலத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) கேட்டு வரும் சீட்டில் பெரும்பாலும் 'வயிற்றுப்போக்கு' என்ற ஒரே சொல்தான் இருக்கும். எத்தனை நாளாகப் போகிறது, ரத்தம் கலந்திருக்கிறதா, ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்தாயிற்றா, ஆள் எத்தனை நாளாக வார்டில் இருக்கிறார் என்று எதுவும் இருக்காது. எந்த பிளேட்டில் (கிருமியை வளர்க்கும் ஊடகத் தட்டில்) போடுவது என்பதை முடிவு செய்வதே அந்த விவரங்கள்தான். எல்லாக் கிருமியையும் பிடித்துத் தரும் பிளேட் என்று ஒன்று கிடையாது. அதனால் சாம்பிளை வாங்கி வைத்ததும் நாங்கள் முதலில் எடுப்பது சாம்பிளைத் தொட்டு இழுக்கும் வளையக் கம்பியான லூப்பை அல்ல, போனை.

அதற்கும் முன்னால் டப்பா. வாய் அகலமான, மூடி இறுக்கமான, சுத்தமான பிளாஸ்டிக் டப்பா போதும். வீட்டு பாட்டிலைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிக் கொண்டுவந்தால், ஒட்டியிருக்கும் மிச்சமே கிருமியைக் கொன்றுவிடும். தீப்பெட்டியில் கொண்டுவந்த காலமும் உண்டு. காய்ந்துபோன சாம்பிளில் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. வார்டில் சொல்லும்போது, "மோஷன் போனதும் இதுல எடுத்துக் குடுங்கம்மா" என்பதோடு நிறுத்தக் கூடாது. "யூரின் கலக்கக் கூடாது, டாய்லெட் தண்ணி படக் கூடாது, சளி மாதிரி, ரத்தம் மாதிரி இருக்கிற இடமா பாத்து எடுங்க" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீராகப் போனால் 5 மில்லி, கூழாக இருந்தால் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு. கெட்டியாக உருண்டு வந்த மலத்தைக் கல்ச்சருக்கு வாங்குவதில்லை.

முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே சாம்பிள் எடுத்துவிட வேண்டும். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அது பிளேட்டில் ஏற வேண்டும். தாமதமானால் முதலில் சாவது ரத்தபேதி தரும் ஷிகெல்லா பாக்டீரியா. மலம் வெளியே நிற்க நிற்க மற்ற பாக்டீரியாக்கள் அமிலத்தைப் பெருக்கும். அந்த அமிலத்தை ஷிகெல்லா தாங்காது. தாமதம் ஆகும் என்று தெரிந்தால், கிருமி சாகாமல் கொண்டுவர உதவும் கேரி-பிளேர் ஊடகத்தில் பருத்திக் குச்சியை முக்கி அனுப்புங்கள். குச்சியில் மலக்கறை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழுப்பே இல்லாத வெள்ளைப் பஞ்சு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். சில இடங்களில் இன்னும் கிளிசரால் கலந்த சலைனை வைத்திருக்கிறார்கள். ஷிகெல்லாவுக்கு அது நல்லது, ஆனால் காலராக் கிருமிக்கு ஆகாது. காலரா சந்தேகம் இருந்தால் சாம்பிளை ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. அறை வெப்பம்தான் அதற்குச் சரி.

சாம்பிள் வந்ததும் கண்ணால் பார்ப்பதிலேயே பாதி வேலை முடியும். அரிசி கழுவிய தண்ணீர் போல, மலத்தின் நிறமே இல்லாமல், சிறு சளித் துணுக்குகள் மிதந்தால் காலரா வரிசைக்குப் போகும். கொஞ்சமாக, ரத்தமும் சளியுமாக இருந்தால் ஷிகெல்லா வரிசை. கூழாக இருந்தால் சால்மொனெல்லா உட்பட எதுவாகவும் இருக்கலாம். ஒரு துளியில் மெத்திலீன் ப்ளூ சாயம் விட்டுப் பார்த்து, சீழணுக்கள் குவிந்திருந்தால் குடல்சுவரையே தாக்கும் கிருமி என்று ஒரு குறிப்பு கிடைக்கும்.

காலரா சந்தேகம் என்றால் ஹேங்கிங் டிராப் போடுவோம். குழி உள்ள ஸ்லைடின் மேல் துளி தலைகீழாகத் தொங்கும். 40 எக்ஸ் லென்ஸில், ஒளியைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் விப்ரியோக்கள் (காலராக் கிருமியின் இனம்) எரிநட்சத்திரம் போல் குறுக்கும் நெடுக்கும் பாயும். அதே சாம்பிளில் இன்னொரு துளி எடுத்து ஓ1 ஆன்டிசீரம் (ஓ1 என்ற காலரா வகையைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள் திரவம்) ஒரு துளி கலந்து பாருங்கள். பாய்ச்சல் அப்படியே நின்றுவிட்டால் வார்டுக்கு உடனே போன் போகும். இது ஊகம்தான், கல்ச்சர் வந்தபிறகே உறுதி. ஓ1 சீரத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் 'காலரா இல்லை' என்று கையைக் கழுவிவிடக் கூடாது. 1992-இன் கடைசியில் சென்னையிலும் பிறகு வங்கத்திலும் பரவியது ஓ1 சீரத்துக்கு மசியாத விப்ரியோதான். அதற்குப் பிறகுதான் ஓ139 என்ற பெயர் வந்தது. அதனால் பெட்டியில் இரண்டு சீரமும் இருக்க வேண்டும்.

பிளேட்டுக்கு வருவோம். மெக்கான்கி, எக்ஸ்எல்டி, டிசிபிஎஸ் ஆகிய மூன்று ஊடகங்களும், கூடவே தேடும் கிருமியைப் பெருக்கும் திரவம் உள்ள இரண்டு குழாய்களும். ஒன்று ஆல்கலைன் பெப்டோன் வாட்டர், இன்னொன்று செலினைட் எஃப். டிசிபிஎஸ், எக்ஸ்எல்டி, செலினைட் மூன்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலம்) வைக்கக் கூடாது. கொதிக்கவிட்டுக் கரைத்தாலே போதும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில்தான் அதிகம் தவறுவார்கள். செலினைட் அதிகம் சூடானால் செங்கல் நிறத்தில் வண்டல் இறங்கும், அந்த பேட்ச் குப்பைக்கு. டிசிபிஎஸ் ஒவ்வொரு புது பேட்சையும் தெரிந்த விப்ரியோ ஒன்றையும் ஈ.கோலை ஒன்றையும் போட்டுப் பார்த்த பிறகே நோயாளி சாம்பிளுக்கு எடுக்க வேண்டும். ஒரே கம்பெனிப் பொடியிலேயே பேட்சுக்கு பேட்ச் வித்தியாசம் வரும்.

ஆல்கலைன் பெப்டோன் வாட்டரின் பிஎச் 8.4-இலிருந்து 8.6 வரை. 10 மில்லிக்கு 1 மில்லி மலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் மலமே அந்தக் காரத்தை இறக்கிவிடும். 37 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம். அதற்கு மேல் விட்டால் மற்றவை முந்திக்கொள்ளும். காற்றைத் தேடி விப்ரியோ மேற்பரப்பில் மெல்லிய ஆடை போல் படரும். குழாயைக் குலுக்காமல், சாய்க்காமல், லூப்பின் நுனியால் அந்த ஆடையைத் தொட்டு டிசிபிஎஸ்ஸில் இழுக்க வேண்டும். ரேக்கைத் தட்டி ஆடையைக் கலைத்துவிட்டால், சிறிது நேரம் அசையாமல் வைத்துவிட்டு மறுபடி எடுங்கள். காலையில் வந்த சாம்பிளென்றால் மாலை ட்யூட்டிக்காரர் இதைச் செய்தே ஆக வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டால் ஒரு நாள் போச்சு. செலினைட்டை 12 முதல் 18 மணி நேரத்துக்குப் பிறகு எக்ஸ்எல்டியில் போடுவோம். சால்மொனெல்லாவுக்கு அது உதவும்; ஷிகெல்லாவை அதில் நம்பக் கூடாது, அதற்கு நேரடி பிளேட்தான்.

மறுநாள் காலை. டிசிபிஎஸ்ஸில் பச்சை ஊடகத்தின் மேல் 2, 3 மில்லிமீட்டரில் தட்டையான, பளபளக்கும் மஞ்சள் காலனி (கிருமிக் கூட்டம்) இருந்தால் காலராவாக இருக்கலாம். பச்சையாகவே இருந்தால் கடல் மீன், இறால் சாப்பிட்டவர்களிடம் வரும் பாராஹீமோலிட்டிகஸ் என்ற இன்னொரு விப்ரியோவைத் தேடுங்கள். இன்குபேட்டரிலிருந்து எடுத்தவுடன் படிக்க வேண்டும். வெளியில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் சில மஞ்சள் காலனிகள் பச்சைக்குத் திரும்பியிருக்கும். எக்ஸ்எல்டியில் சிவப்புக் காலனியின் நடுவில் கருப்புப் புள்ளி இருந்தால் சால்மொனெல்லா, புள்ளியில்லாத சிவப்பு என்றால் ஷிகெல்லா, மஞ்சளென்றால் சாதாரண ஈ.கோலை வகை. இதை 18 முதல் 24 மணி நேரத்துக்குள் படியுங்கள். நாள் கடந்தால் மஞ்சளும் சிவந்து ஏமாற்றும். புரோட்டியஸ் என்ற வேறொரு பாக்டீரியாவும் கருப்புப் புள்ளி காட்டும். யூரியேஸ் டெஸ்ட் போட்டால் சில மணி நேரத்திலேயே ரோஸ் நிறமாகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விப்ரியோவை ஈ.கோலை போன்றவற்றிலிருந்து பிரிக்கும் ஆக்சிடேஸ் டெஸ்ட்டை டிசிபிஎஸ்ஸிலிருந்தோ மெக்கான்கியிலிருந்தோ நேராகச் செய்யக் கூடாது. ஊடகத்தின் அமிலமும் நிறமும் முடிவைக் கெடுக்கும். நியூட்ரியன்ட் அகரில் ஒருமுறை வளர்த்து, 10 விநாடிக்குள் ஊதா வருகிறதா என்று பாருங்கள். நிக்ரோம் கம்பியால் தேய்த்தால் இல்லாத பாசிட்டிவ் வரும். மரக்குச்சியோ பிளாட்டினமோ எடுங்கள். ஸ்ட்ரிங் டெஸ்ட் இன்னும் எளிது. 0.5% சோடியம் டீஆக்சிகோலேட் ஒரு துளியில் காலனியைக் குழைத்து, ஒரு நிமிடத்துக்குள் லூப்பை மெல்லத் தூக்கினால், விப்ரியோ என்றால் பாகுபதம் பார்ப்பது போல் கம்பி இழுக்கும்.

ஷிகெல்லா, சால்மொனெல்லா சந்தேகத்துக்கு காலனியின் நடு உச்சியை மட்டும் தொட்டு எடுங்கள். விளிம்பிலும் அடியிலும் அடக்கி வைக்கப்பட்ட மற்ற பாக்டீரியா ஒளிந்திருக்கும். டிஎஸ்ஐ குழாயில் (மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்து சரிவாக உறையவைத்த ஊடகம்) அடிவரை குத்தி, சரிவில் இழுத்து, மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கினால் சரிவு சிவக்காது, படிப்பது தப்பாகும். அடி மஞ்சள், சரிவு சிவப்பு, கேஸ் இல்லை, கருப்பும் இல்லை, அசைவும் இல்லை, யூரியேஸும் இல்லை என்றால் ஷிகெல்லா சீரத்தை எடுக்கலாம். டைஃபாய்டு சால்மொனெல்லாவும் கேஸ் தராது. ஆனால் சரிவும் அடியும் சேருமிடத்தில் மீசை போல் ஒரு கருப்புக் கோடு தரும்.

சீரத்துக்கு முன்னால் சலைனில் ஒரு துளி கலந்து பார்ப்பதை விடாதீர்கள். சலைனிலேயே திரிந்தால் (துகள்துகளாகக் கட்டினால்) அந்த காலனியை வைத்து எந்த சீரமும் பேசாது. எல்லா பயோகெமிக்கல் டெஸ்ட்டும் ஷிகெல்லா என்று சொல்லியும் சீரத்தில் திரியாவிட்டால், கரைசலைக் கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி போடுங்கள். மேலே மூடியிருக்கும் ஆன்டிஜென் கழன்றால் திரியும். கையுறை இல்லாமல் இந்த வேலை வேண்டாம். 10 முதல் 100 ஷிகெல்லா உள்ளே போனாலே நோய் வரும்.

மருந்து உணர்திறன் பார்க்கும்போது ஒரு கவனம். சால்மொனெல்லாவுக்கும் ஷிகெல்லாவுக்கும் ஜென்டாமைசின், அமிக்காசின், செஃபலெக்சின் போன்றவை தட்டில் கிருமி வளராத பெரிய வட்டம் காட்டும், ஆனால் ஆளிடம் வேலை செய்யாது. அவற்றை ரிப்போர்ட்டில் எழுதவே கூடாது. எழுதினால் யாராவது நம்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பேதி தரும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பிலோபேக்டர் தனிக் கதை. 42 டிகிரி, 5% ஆக்சிஜன், 10% கார்பன் டைஆக்சைடு, மீதி நைட்ரஜன், குறைந்தது 48 மணி நேரம். ஜாரும் கேஸ் பாக்கெட்டும் இல்லாத லேபில் இதற்கு நெகட்டிவ் என்று எழுதுவது நியாயமில்லை. 'தேடவில்லை' என்று எழுதுங்கள். மூன்று நாளுக்கு மேல் வார்டில் இருந்து, ஆன்டிபயாட்டிக் ஓடும்போது பேதி தொடங்கியவருக்கு வழக்கமான கல்ச்சரால் பயன் குறைவு. அங்கே தேட வேண்டியது ஆன்டிபயாட்டிக்கை ஒட்டிப் பேதி தரும் டிஃபிசில் என்ற பாக்டீரியா. ஜிடிஹெச் (அந்தக் கிருமியின் என்சைம்), டாக்ஸின் (அது விடும் நச்சு) இரண்டும் பார்க்கும் கார்டு போடுவோம். அறை வெப்பத்தில் டாக்ஸின் சிதையும் என்பதால் இந்த சாம்பிளுக்கு மட்டும் ஃபிரிட்ஜ். இரண்டில் ஒன்று மட்டும் வந்தால் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). சிகிச்சை முடிந்தபின் 'போய்விட்டதா' என்று மறுபடி கேட்டு அனுப்புவார்கள். ஆள் தேறியிருந்தால் அதைச் செய்வதில்லை.

ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகளைச் சொல்லும் பிசிஆர் பேனல் பெரிய ஆஸ்பத்திரிகளில் வந்துவிட்டது. வேகம் நன்றுதான், விலைதான் இடிக்கும். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது பிடிக்கும். எந்த மருந்து கேட்கும் என்று சொல்லாது. ஷிகெல்லாவையும் அதற்கு நெருங்கிய ஒரு ஈ.கோலை வகையையும் பிரிக்கவும் தெரியாது. எனவே பேனலில் பாசிட்டிவ் வந்த சாம்பிளையும் பிளேட்டில் போட்டுவிடுகிறோம்.

ரிப்போர்ட்டில் 'நோய்க்கிருமி இல்லை' என்று எழுதுவதில்லை. 'சால்மொனெல்லா, ஷிகெல்லா, விப்ரியோ காலரே வளரவில்லை' என்று தேடியவற்றின் பெயரைச் சொல்லி எழுதுகிறோம். 'ஈ.கோலை வளர்ந்தது' என்றும் எழுதுவதில்லை. அது எல்லார் குடலிலும் வளரும், பேதி தரும் வகையைச் சாதாரண பிளேட் பிரித்துக் காட்டாது. காலரா உறுதியானால் பேப்பர் போவதற்கு முன்பே வார்டுக்கும் பொது சுகாதாரத் துறைக்கும் போன் போக வேண்டும். வளர்ந்ததை நியூட்ரியன்ட் அகர் சரிவில் ஏற்றி, மூடியை இறுக்கி, அறை வெப்பத்தில் இருட்டான இடத்தில் வையுங்கள். ரெஃபரன்ஸ் லேப் கேட்கும்போது அனுப்ப அது ஒன்றுதான் கையில் இருக்கும்.