டோலரோட சிறையறையும் எங்க நாலு லைட்டும்

மார்ச் 3

இந்த வருஷம் எங்க நாடகக் குழுவுல ஜெர்மன் நாடகக்காரர் எர்ன்ஸ்ட் டோலரோட 'மாஸே மென்ஷ்' நாடகத்துலருந்து கடைசிக் காட்சிய மட்டும் பண்றதுன்னு முடிவாச்சு. 'கூட்டமும் மனுஷனும்'னு தமிழ்ல தலைப்பு வெச்சிருக்கோம், இங்கிலீஷ்ல இருந்து நாங்களே தான் மொழிபெயர்க்கிறோம். எனக்கு வழக்கம் போல லைட். எழுதின ஆள் யாருன்னு தெரியாம லைட் போட எனக்கு கை வராது, அதனால படிச்சிட்டிருக்கேன், படிக்கப் படிக்க இங்க எழுதி வைக்கிறேன்.

1893ல பொறந்தவர், யூதக் குடும்பம், ஊர் இப்போ போலந்துல இருக்கு. 1914ல போர் வந்ததும் தானா போய் பட்டாளத்துல சேர்ந்திருக்கார், நாடு மேல அவ்வளவு நம்பிக்கை. அப்புறம் 13 மாசம் போர்முனை. சுயசரிதையில ஒரு எடம் வருது, பதுங்குகுழி தோண்டும்போது பிக்காசு எதுலயோ மாட்டிக்குது, இழுத்துப் பாத்தா ஒரு பொணத்தோட குடல். அந்த நிமிஷத்துல அவருக்கு அது பிரெஞ்சுக்காரனும் இல்ல ஜெர்மன்காரனும் இல்ல, செத்துப்போன ஒரு மனுஷன், அவ்வளவுதான்னு படுது. அத படிச்சிட்டு புக்க மூடி வெச்சிட்டேன்.

மார்ச் 6

அதே புக்குல இன்னொரு எடம். ரெண்டு பக்கத்துப் பதுங்குகுழிக்கும் நடுவுல, முள்கம்பிகிட்ட எவனோ ஒருத்தன் அடிபட்டுக் கெடந்து கத்தறான், போய் தூக்கப் பாக்கறாங்க முடியல, நாள் கணக்கா அந்தச் சத்தம் கேக்குது, அப்புறம் நின்னுடுது. எனக்கு என்னமோ டோலர் எழுதின எல்லா நாடகத்துக்கும் அடியில அந்தக் குரல் தான் ஓடுதுன்னு தோணுது, ஒருத்தன் கூப்பிடறான், யாராவது பதில் சொல்வாங்களா.

முதல் நாடகம் 'டி வாண்ட்லுங்', 'மாற்றம்'னு அர்த்தம். 1919 செப்டம்பர் 30, பெர்லின்ல ட்ரிப்யூனேங்கற சின்ன அரங்கம், டைரக்‌ஷன் கார்ல்ஹைன்ஸ் மார்ட்டின், நாயகன் ஃபிரிட்ஸ் கோர்ட்னர், அதுலருந்து தான் அவருக்கு பெரிய பேர். முள்கம்பி நடுவுல எலும்புக்கூடுங்க ஆடற காட்சி அதுல தான். எக்ஸ்பிரஷனிசம்ங்கற இந்த வகை நாடகத்துல கதை நேர்கோட்டுல போகாது, ஒரு ஆத்மா ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னு நின்னு போகும், ஸ்வீடன் நாடகக்காரர் ஸ்ட்ரிண்ட்பெர்க் 1898லயே 'டமாஸ்கஸுக்கு'ன்னு எழுதி வழி காமிச்சிட்டார். மத்த ஆளுங்களுக்கு பாதி நேரம் பேரே இருக்காது, 'பெண்', 'பெயரற்றவன்', 'கைதி' அவ்வளவுதான், ஏன்னா நாம பாக்கறது அந்த ஒரே ஆளோட உள்ளுக்குள்ள இருந்து. வீடு தெரு எல்லாம் அவன் மனசுல எப்படிக் கோணிக் கெடக்குதோ அப்படித்தான் மேடையிலயும் நிக்கும். லைட் போடறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும், சூரிய வெளிச்சம் எந்த ஜன்னல் வழியா வருதுன்னு கவலப்பட வேணாம், மனசு எங்க பாக்குதோ அங்க அடிச்சா போதும்.

ஆனா அந்த நாடகத்தோட முடிவு, நாயகன் ஜனங்களப் பாத்து நீங்கள்லாம் மனுஷங்க எழுந்திரிங்கன்னு கூப்பிடற எடம், அது எனக்கு அவ்வளவா பிடிக்கல. ஒரே மூச்சுல எல்லாரும் மாறிடறாங்க. 1919ல உக்காந்து பாத்தவங்களுக்கு வேற மாதிரி இருந்திருக்கும்.

மார்ச் 9

அந்த முதல் ஷோவ டோலர் பாக்கல. சிறைக்குள்ள இருந்தார். 1919 ஏப்ரல்ல ஜெர்மனியில மியூனிக் நகரத்துல சோவியத் குடியரசுன்னு, அதாவது தொழிலாளர் மன்றங்களோட ஆட்சின்னு அறிவிச்சாங்க, அதுல தலைமையில இருந்தப்ப அவருக்கு வயசு 25. சில வாரத்துல அது ரத்தத்துல முடிஞ்சிடுச்சு, தலைமறைவா இருந்து பிடிபட்டு, விசாரணையில பேர்பெற்ற சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வெபரே வந்து அவருக்காக சாட்சி சொல்லியிருக்கார், அஞ்சு வருஷம் தண்டனை. பெரும்பகுதி நீடர்ஷோனன்ஃபெல்ட்ங்கற சிறையில. அந்த அக்டோபர்லயே சிறையில எழுதினது தான் நம்ம 'மாஸே மென்ஷ்'. வெளிய ஊர் ஊரா அவர் நாடகம் போடறாங்க, கை தட்டறாங்க, திட்டறாங்க, தடை பண்றாங்க, எழுதின ஆள் எதையும் பாக்க முடியாம ஒரு அறைக்குள்ள.

1921ல பெர்லின் ஃபோல்க்ஸ்ப்யூனே அரங்கத்துல யூர்கன் ஃபெலிங் அத டைரக்ட் பண்ணது தான் ரொம்பப் பேசப்பட்டது. செட்டுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, கருப்புத் திரை, அகலமான படிக்கட்டு, படி மேல ஜனக்கூட்டம், மிச்சம் எல்லாம் வெளிச்சம். நாடகத்துல ஏழு காட்சி, நடு நடுவுல கனவுக் காட்சிங்க, ஆறாவதுல எல்லையே இல்லாத ஒரு வெளி, நடுவுல ஒரு கூண்டு, அதச் சுத்தி துடிக்கிற மாதிரி ஒரு ஒளிக்கூம்பு, டோலரே எழுதி வெச்சிருக்கார். சிறைக்குள்ள உக்காந்து லைட்டிங் குறிப்பு எழுதினவரு.

மார்ச் 11

கரண்ட் போச்சு. கீழ் வீட்டம்மா படியில நின்னு "தம்பி, மெழுகுவத்தி இருக்காப்பா"ன்னு கேட்டாங்க. இருக்குங்க அம்மான்னேன். அப்புறம் தான் தோணிச்சு இன்னிக்கு முழுக்க நான் பேசின முதல் வார்த்தை அது. இந்த ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு, ரிகர்சல் இல்லாத நாள் எல்லாம் இப்படித்தான் போகுது.

மார்ச் 14

இன்னிக்கு கடைசிக் காட்சி உக்காந்து வாசிச்சோம். நாயகிக்குப் பேர் 'பெண்', அவ்வளவுதான், அவ தான் வேலைநிறுத்தத்துக்கு கூப்பிட்டவ, ஆனா கொலை வேணாம்னவ, இப்போ சிறையறையில சாவுக்குக் காத்திருக்கா. பெயரற்றவன் வந்து உன்னைய தப்பிக்க வெக்கறேன், காவலாளி ஒருத்தனக் கொன்னா போதும்ங்கறான். மாட்டேங்கறா. கொள்கைக்காகக் கூட ஒரு மனுஷனக் கொல்லக் கூடாதுங்கறா, சாவுக்குப் போறா. 1918 மியூனிக் வேலைநிறுத்தத்துல இருந்து சிறையிலயே இறந்துபோன ஸோன்யா லெர்ஹ்ங்கறவங்கள மனசுல வெச்சுத்தான் அவள எழுதினது.

அவ போனதும் ரெண்டு பொம்பளக் கைதிங்க உள்ள வர்றாங்க, திருட. அவ விட்டுட்டுப் போன சின்னக் கண்ணாடிய எடுக்கறாங்க. வெளிய துப்பாக்கிச் சத்தம். ரெண்டு பேரும் உறைஞ்சு போறாங்க, எடுத்தத வெச்சிடறாங்க, ஒருத்தி இன்னொருத்தியப் பாத்து நாம ஏன் இப்படிப் பண்றோம்னு கேக்கறா. முடிஞ்சது.

ஜனங்களே எழுந்திரிங்கன்னு எழுதின அதே ஆள் தான் கொஞ்ச நாள்ல இத எழுதியிருக்கார். இதத்தான் நான் நம்பறேன். உலகம் மாறல, ஒரு கண்ணாடி திரும்ப எடத்துக்கு வந்துச்சு.

மொழிபெயர்ப்புல ஒரு சண்டை, ஜெர்மன்ல 'சகோதரி'ன்னு கூப்பிடறா, தமிழ்ல அத அப்படியே வெச்சா பிரசங்கம் மாதிரி ஆயிடுது. 'அக்கா'ன்னு மாத்தலாம்னு நான் சொன்னேன்.

மார்ச் 19

1922ல ரெண்டு தகைவிலான் குருவி டோலரோட அறைக்குள்ள கூடு கட்டியிருக்கு. அதுலருந்து வந்தது தான் அவரோட 'குருவிப் புத்தகம்', 1924ல வந்த கவிதை. ஆரம்பமே ராத்திரியில தனியா செத்துப்போன ஒரு சிநேகிதன், கம்பிங்க தான் அவனுக்குக் காவல். அந்தத் துக்கத்துலருந்து தான் குருவிங்க வருது. அப்புறம் சிறைக்காரங்க கூட்டக் கலைச்சிருக்காங்க. ஒரு கூட்டுக்கு ஒரு அரசாங்கம் பயந்திருக்கு, நினைச்சாலே மனசு ஆறல.

மார்ச் 22

டோலரோட இன்னொரு நாடகம் 'ஹோப்லா, விர் லேபன்', 'ஹோப்லா, நாம உயிரோட இருக்கோம்'னு அர்த்தம், 1927, பெர்லின்ல டைரக்டர் பிஸ்காட்டர் சினிமாவும் அடுக்கு மாடி மேடையுமா பண்ணது. எட்டு வருஷம் மனநல விடுதியில இருந்துட்டு கார்ல் தாமஸ் வெளிய வர்றான், பழைய தோழன் மந்திரியா இருக்கான். கடைசியில திரும்ப சிறை. பக்கத்து அறைக் கைதிங்க சுவத்தத் தட்டித் தட்டி அவனக் கூப்பிடறாங்க. அவன்கிட்ட இருந்து பதில் வரல, இறந்துட்டான்.

அதுக்கப்புறம் பன்னெண்டே வருஷத்துல, 1939 மே 22, நாடு கடந்து போய் நியூயார்க் ஓட்டல் ரூம்ல டோலரும் தன்னையே முடிச்சுக்கிட்டார். இத வெச்சு அவர் எழுதின நம்பிக்கை எல்லாம் பொய்னு சொல்றவங்க கூட என்னால சேர முடியல. அந்தக் காட்சியில தட்டற சத்தம் நிக்கவே இல்லையே, மத்தவங்க தட்டிட்டுத் தான இருக்காங்க.

மார்ச் 27

லைட்டோட முதல் ரிகர்சல். எங்ககிட்ட இருக்கறது நாலு பார் லைட், வெளிச்சத்த ஏத்தி இறக்க ஒரு டிம்மர். அந்தப் பெண்ணுக்கு மேலருந்து ஒண்ணு, நேரா, சுத்தி இருட்டு. அவ போனதும் அந்த வட்டத்த அப்படியே காலியா விட்டேன், ரெண்டு பேரும் அதுக்கு வெளிய அரை இருட்டுல வந்து கைய மட்டும் உள்ள நீட்டி கண்ணாடிய எடுக்கறாங்க, அது நல்லா வந்துச்சு. வெடிச் சத்தம் முடிஞ்சு ரெண்டாவது பொண்ணு "அக்கா"ன்னதும் நான் வெளிச்சத்தக் குறைக்கணும். குறைக்க முடியல. அவங்க ரெண்டு பேர் மூஞ்சியும் இன்னும் இருட்டுல இருந்துச்சு, யாரு யாரப் பாக்கறாங்கன்னே தெரியல. பக்கத்து லைட்ட மெதுவா பாதி ஏத்தினேன், யாரும் சொல்லாம. டைரக்டர் திரும்பிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. நாளைக்கு அத முப்பதுல வெச்சுப் பாக்கணும், ஜெல், அதான் கலர் தாள், இல்லாம.