சூடானால் நழுவும் மோவர் கிளட்ச்: வழியில் தொலைந்த 2.7 வோல்ட்

கடைசியில் பிடித்துவிட்டேன். ஹூஸ்டன் வெயிலில், மதியம் 2 மணிக்கு, பின்பக்கப் புல்வெளி முழுவதையும் ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) நிற்காமல் வெட்டி முடித்தது. இந்தக் கோடையில் என்னைப் படுத்திய கோளாறு இதுதான்: காலையில் பிளேடை ஓடவைக்கும் பி.டி.ஓ ஸ்விட்சை இழுத்தால், எஞ்சினை பிளேடோடு இணைக்கும் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கும், பிளேடு நன்றாகச் சுற்றும். கொஞ்ச நேரம் ஓடி, செயின்ட் அகஸ்டின் புல் அடர்ந்த இடத்துக்குப் போனதும் பிளேடு தளர்ந்துவிடும், எஞ்சின் மட்டும் உறுமும். ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும்.

பெல்ட், அதை இறுக்கிவைக்கும் ஐட்லர் ஸ்பிரிங், பிளேடு சுற்றும் ஸ்பிண்டில் எல்லாம் பார்த்தாயிற்று, குறை இல்லை. சூட்டில் மட்டும் நழுவுகிறது என்றால் சந்தேகம் எலெக்ட்ரிக் கிளட்ச் (காயிலில் கரண்ட் பாய்ந்தால் காந்தமாகிப் பிடிப்பது) பக்கம்தான் போகும். உதிரிபாகக் கடையில் கேட்டால், “கனெக்டரைக் கழற்றி மீட்டர் வையுங்கள். 12 வோல்ட் வந்தால் கிளட்ச் போச்சு” என்றார்கள். புதுசு 200 டாலருக்கு மேல். இந்த மாதிரி ஆலோசனையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கழற்றிய கனெக்டரில் 12 வோல்ட் காட்டினால் அது எதற்கும் சாட்சி இல்லை. மீட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனை சொற்பம். கரிந்துபோன காண்டாக்ட்கூட அதற்குத் தாராளமாகக் கொடுத்துவிடும். கிளட்ச் 4 ஆம்பியர் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அதனால் கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி அளந்தேன். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சீட் ஸ்விட்சை ஏமாற்ற 40 பவுண்டு மண் மூட்டையை சீட்டில் ஏற்றி, சாவியை ஆனில் வைத்து பி.டி.ஓவை இழுத்தேன். பேட்டரியில் 12.3 வோல்ட். கிளட்ச்சில் 9.6! காயில் ரெசிஸ்டன்ஸ் 2.9 ஓம், அதில் கோளாறு இல்லை. அப்படியென்றால் 2.7 வோல்ட் வழியிலேயே போகிறது. பி.டி.ஓ ஸ்விட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே மீட்டரை வைத்ததும் 2.2 காட்டியது. மிச்சத்தில் பெரும்பகுதி துருப்பிடித்த கிரவுண்ட் போல்ட்டில். ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறது. 3.3 ஆம்பியரை 2.2 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள், அந்தச் சின்ன ஸ்விட்சுக்குள் 7 வாட் சூடு.

அப்புறம் சூடான காயில் விஷயம். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 75 டிகிரி கூடினால் 2.9 ஓம் 3.7க்கு மேல் போய்விடும். ஏற்கெனவே 9.6 வோல்ட்தான் வருகிறது என்றால் கரண்ட் 2.6 ஆம்பியருக்கு இறங்கிவிடும். காந்த இழுவையோ கரண்டின் வர்க்கத்தோடு குறைவது. அடர்ந்த புல்லில் நழுவாமல் என்ன செய்யும்?

புது ஸ்விட்ச், சுரண்டித் தேய்த்த கிரவுண்ட். இப்போது கிளட்ச்சில் 11.9. இதோடு விட மனம் வரவில்லை. கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியான ஏர் கேப்பையும் பார்த்தேன். உண்மையான மல்லுக்கட்டு இங்கேதான். கேப்பை அளக்க கிளட்ச்சில் இருக்கும் மூன்று ஜன்னலில் இரண்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சுலபமாக நுழைந்தது: 0.022, 0.024 அங்குலம். என் கிளட்ச்சுக்கு வேண்டியதோ 0.012. மூன்றாவது ஜன்னல் ஃபிரேம் கம்பிக்கு நேர் எதிரே. சாதாரண ஃபீலர் கேஜ் அங்கே திரும்பவே திரும்பாது. 0.012 தகட்டைத் தகரக் கத்தரியால் பாதி அகலத்துக்கு வெட்டி, வெட்டிய ஓரத்தைப் பிசிறு போக உரசி, நுனியைச் செங்குத்தாக மடித்துச் செருகினேன். கேப்பைச் சரிசெய்யும் நட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக் கூடாது. ஒன்றை இறுக்கினால் மற்ற இரண்டும் மாறும், அதனால் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மூன்று இடத்திலும் தகடு லேசாக உரசிக்கொண்டு வழுக்கி வரும் அந்த நிலை கிடைத்ததும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உங்கள் கிளட்ச்சுக்கு என்ன கேப் என்பதை அதற்குரிய மேனுவலில் பாருங்கள், எல்லாவற்றுக்கும் 0.012 இல்லை.

கேப்பை மாற்றினால் பிளேடை நிறுத்தும் பிரேக்கையும் கட்டாயம் சோதியுங்கள். ஸ்விட்சை அமுக்கி ஆஃப் செய்ததும் பிளேடு 5 விநாடிக்குள் நிற்க வேண்டும். என்னுடையது அதற்கு முன்பே நின்றது.

ஸ்விட்ச் வாங்கும்போது உருவத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வெளியே அச்சாக ஒரே மாதிரி இருக்கும், உள்ளே முனைகளின் இணைப்பு வேறாக இருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஜோடியாக கன்டின்யூட்டி (மின் இணைப்பு இருக்கிறதா என்று) பார்த்த பிறகே மாட்டினேன்.

அடுத்து ஒரு 12 வோல்ட் கார் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) போடப் போகிறேன். கிளட்ச்சின் 4 ஆம்பியர் ரிலே வழியே போகும், பி.டி.ஓ ஸ்விட்ச் வழியே ரிலே காயிலின் 0.15 ஆம்பியர் மட்டும். சீட் ஸ்விட்ச் எப்போதும் போல அந்தச் சுற்றிலேயே இருக்கும், அதைத் தொடுவதாக இல்லை. கிளட்ச் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடும் (கரண்டை ஒரே திசையில் விடுவது) வேண்டும். ஆஃப் செய்யும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜும் சேர்ந்துதான் காண்டாக்டைக் கரிக்கிறது. டையோடு போட்டவர்கள் யாராவது இருந்தால், பிளேடு நிற்கும் நேரம் கூடியதா என்று சொல்லுங்கள். கிளட்ச் விடுவது அதனால் சற்றுத் தாமதமாகும் என்பதால், அது தெரியாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்கப் போவதில்லை.