பாறைமடைப் பங்கும் சுரங்க ஆய்வாளர் வேலையும்

அப்பாவும் தாய்மாமாவும் சேர்ந்து விளவங்கோடு பக்கம் ஒரு கல் குவாரி நடத்தினார்கள். எங்கள் ஊரில் பாறைமடை என்போம். அப்பா இறந்ததும் அவர் பங்கு அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. நிலக்கரிச் சுரங்க ஆய்வாளர் ஆவதற்கு நான் கடந்து வந்ததில், பரீட்சையையும் நேர்முகத்தையும் விட அந்தப் பங்கை விடுவதுதான் என்னை அதிகம் வருத்தியது. இந்த வேலைக்கு வர நினைக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் சம்பளத்தையும் சிலபஸையும்தான் கேட்கிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை.

முதலில் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர்களை நியமிப்பது மத்திய அரசு. ஜார்க்கண்டில் உள்ள தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம், தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 1902-இல் கல்கத்தாவில் தொடங்கி 1908-இல் தன்பாத்துக்கு மாறிய பழைய துறை. பதவியின் பெயர் துணை இயக்குநர் என்று இருந்தாலும், 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி அவர் ஆய்வாளர்தான். ஆள் எடுப்பது யுபிஎஸ்சி. சுரங்கப் பொறியியல் பட்டம் மட்டும் போதாது, முதல் வகுப்பு மேலாளர் சான்றிதழும் சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவமும் வேண்டும்.

நான் கிண்டியில் படித்தேன். நெய்வேலி பக்கம்தானே, அங்கே போ என்றார்கள். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். அங்கே மட்டும் வேலை பார்த்தால் திறந்தவெளிக்கு மட்டுமான சான்றிதழ்தான் கிடைக்கும். நிலத்தடிக்கும் செல்லுகிற சான்றிதழ் வேண்டும் என்பதால் தெலங்கானாவில் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனேன். முதலுதவிச் சான்றிதழ், வாயுப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் வாங்கிய பிறகுதான் மேலாளர் சான்றிதழ். வாயுப் பரிசோதனையை மட்டும் மறக்கவே முடியாது. பாதுகாப்பு விளக்கின் திரியைச் சிறியதாக இறக்கிவிட்டுப் பார்த்தால், காற்றில் மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் வெளிறிய நீலத்தில் ஒரு தொப்பி தெரியும். அதன் உயரத்தைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் எந்த இடத்திலும் அது 1.25-ஐத் தாண்டக் கூடாது. 5 முதல் 15 வரை போனால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அந்த நீலத்தைக் கண்ணுக்குப் பழக்க எனக்குப் பல நாள் ஆனது.

விண்ணப்பக் கட்டணம் 25 ரூபாய்தான். நேர்முகம் டெல்லி ஷாஜகான் சாலையில், தோல்பூர் ஹவுஸில். 100 மதிப்பெண்ணில் பொதுப் பிரிவுக்கு 50 எடுத்தால்தான் தகுதி. கன்னியாகுமரி என்றதும் மணவாளக்குறிச்சி மணலைப் பற்றிக் கேட்டார்கள், இல்மனைட், மோனசைட் தாதுக்கள் என்று சொன்னேன். அப்புறம் சாஸ்நாலா. 1975 டிசம்பர் 27 அன்று பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உள்ளே பாய்ந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்த சுரங்கம் அது. கைவிடப்பட்ட பழைய சுரங்கம் 60 மீட்டருக்குள் வந்துவிட்டால், எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் மேற்கொண்டு வெட்டக் கூடாது. அந்த விதியை அவர்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

தேர்வானேன். சரி, இனி பங்கு. அந்தச் சுரங்கச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, இந்தியாவில் எந்தச் சுரங்கத்திலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதாயம் உள்ளவர் ஆய்வாளர் ஆகக் கூடாது, ஆனபின் ஆதாயம் வந்தாலும் பதவியில் தொடரக் கூடாது என்றது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரி, இப்போது என் வீட்டுக்கு வந்து நின்றது.

"மருமவனே, நிலக்கரிக்கும் நம்ம பாறைக்கும் என்னலே சம்பந்தம்?" என்றார் மாமா.

"சட்டத்துக்கு ரெண்டும் சுரங்கந்தான் மாமா."

அம்மா, "மக்கா, எம் பேர்ல உள்ளதாவது கெடக்கட்டுமே" என்றாள். அதுவும் மறைமுகம் ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. இருவர் பங்கையும் விட்டோம். மார்த்தாண்டத்தில் ஆடிட்டரிடம் கணக்கு முடித்து, பங்குதாரர் ஒப்பந்தத்தைத் திருத்தி, நிலத்துக்கு விடுதலைப் பத்திரம் பதிந்தோம். பதிவு முடிந்த அன்று மாமா என்னோடு டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

ஆலப்புழாவிலிருந்து தன்பாத்துக்கு நேராக ஒரு ரயில் உண்டு. அதில் போய்ச் சேர்ந்தேன். ஆய்வாளர் இரவிலும் பகலிலும் எந்தச் சுரங்கத்துக்குள்ளும் போகலாம், பதிவேட்டைப் பார்க்கலாம், ஆட்களிடம் வாக்குமூலம் வாங்கலாம். ஆனால் ஒருவரைத் தனக்கெதிராகப் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. உள்ளே போனால் காற்றோட்டம், கூரை, தாங்கு தூண்கள், பம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கம்பியால் கூரையைத் தட்டினால் கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும், விட்டுப்போன பாறை பொத்தென்று ஒலிக்கும்.

ஒரு நாள் அப்படிப் பொத்தென்று ஒலித்த இடத்தில் வேலையை நிறுத்தி எழுதிக் கொடுத்தேன். கூலி போச்சே என்று தொழிலாளர்கள் முகம் வாடியது. உடனடி ஆபத்து என்று ஆய்வாளர் நிறுத்தினால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளமும் உரிமையாளர் தரவேண்டும், இல்லையென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும் என்று சட்டத்தில் இருந்ததை அவர்கள் மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஒரு பெரியவர் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் போய் மற்றவர்களை வெளியே அழைத்து வந்தார்.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது மாமாவே தேடி வந்தார். பாறைமடைக்குக் கூப்பிட்டார், போனேன். பாறையை அடியில் குடைந்து, மேலே தொங்கவிட்டிருந்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்துதான் வேலையாட்கள் மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, ஆபீசராச் சொல்லல. இவங்கள முதல்ல அங்கேருந்து எழுப்புங்க. அந்தத் தொங்கலை மேலேயிருந்து படிப்படியா எறக்கணும். அதுவரைக்கும் கீழ ஆள் போகக் கூடாது."

மாமா பதில் சொல்லாமல் இறங்கிப் போனார். கஞ்சிக் கலயத்தை அவரே தூக்கிக்கொண்டு, எல்லோரையும் சாலையோரப் புளியமரத்தடிக்குக் கூட்டி வந்தார்.