ஓடக்காரிக்கு நான் மாற்றிய வசனம்

“அக்கா, நான் எழுதியது கடவுளை நம்பாதவளை. நீங்கள் அவளைக் கடவுள்மேல் கோபம் கொண்டவளாக ஆக்கிவிட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல.”

நாங்கள் உருவாக்கும் வீடியோ விளையாட்டின் குரல் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அன்று மாலைக்குள் வசனத் தாளை முடித்து அனுப்பியாக வேண்டும். இப்படிக் குறைபட்ட தம்பி என்னோடு கதை எழுதுகிறவர். அவர் எழுதியிருந்த ஓடக்காரியின் வசனம் இது: “தெய்வம் என்று ஒன்றும் கிடையாது. துடுப்பைப் போடு, கரை வரும்.” நான் மாற்றியது: “தெய்வம் இருந்துவிட்டுப் போகட்டும். என் கை அதைக் கும்பிடாது.”

மாற்றியதற்குக் காரணம் இருந்தது. இரண்டு காட்சிகளுக்கு முன்னால்தான் அதே ஓடத்துறையில், கிழிந்த அவள் தோளில் பூசாரி கையை வைக்கிறார். பச்சை ஒளி பரவி, சதை கூடி, தழும்புகூட இல்லாமல் காயம் மூடிக்கொள்கிறது. விளையாடுகிறவர் அதைக் கண்ணால் பார்க்கிறார். அதே வரத்தை அவரே ஒரு பொத்தானை அழுத்திப் பெறவும் முடியும். அதன் பிறகு அவள் “தெய்வம் கிடையாது” என்றால், விளையாடுகிறவருக்கு அவள் புத்தி கெட்டவளாகத்தான் தெரிவாள். அவ்வளவு தெளிவான பெண்ணை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. அவள் மரியாதையைக் காப்பாற்றத்தான் மாற்றினேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

தம்பி விடவில்லை. “காயம் ஆறியது உண்மை. ஆற்றியது தெய்வம் என்று யார் சொன்னது? பூசாரி சொன்னார்.”

“ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பூசாரி கும்பிடும் அம்மனின் பெயர், அதிகாரம், தரும் வரம் எல்லாம் பட்டியலாக வந்துவிடுகிறதே?”

“அது விளையாடுகிறவருக்குத் தெரியும். ஓடக்காரிக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு அப்போது நான் சொன்ன பதில், நேரமில்லை என்பதுதான். அது உண்மையான பதிலும்கூட. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

விளையாட்டுகளுக்குக் கதை எழுத வரும் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் முட்டிக்கொள்கிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரங்களாகப் பேசி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 1974இல் வந்த முதல் பதிப்பிலேயே தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி உண்டு. 1980இல் வந்த அதன் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ விதிநூலில் நம் இந்திரனுக்கும் விஷ்ணுவுக்கும் காளிக்கும்கூட, எவ்வளவு அடி தாங்கும் என்ற உயிர்ப்புள்ளிகளும் அடி படுவது எவ்வளவு கடினம் என்ற கவச எண்ணும் போட்டிருக்கிறார்கள். ஒரு தெய்வத்துக்கு எண் கொடுத்துவிட்டால் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி விதிநூலிலேயே முடிந்துவிடுகிறது. மறுப்பவருக்குப் பேச இடமில்லை.

இடமில்லாதவரை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அதே விளையாட்டின் கதை உலகங்களில் ஒன்றான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில், எந்தத் தெய்வத்தையும் ஏற்காமல் செத்தவரின் ஆன்மாவைச் சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள். அது அங்கேயே மெல்லக் கரைந்து இல்லாமல் போகும். 2007இல் வந்த ‘மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்’ என்ற கணினி விளையாட்டு அந்தச் சுவரைக் கதையின் நடுவிலேயே நிறுத்தி, இது நியாயமா என்று விளையாடுகிறவரைக் கேட்க வைத்தது. அந்த உலகுக்கான 2015இன் வழிகாட்டி நூலில் அச்சுவரைப் பற்றி இருந்த பகுதி 2020இன் திருத்தத்தில் நீக்கப்பட்டது. சுவரை நீக்கியது சரிதான். ஆனால் சுவரில் பூசப்பட்டவர்கள் என்ன நினைத்து மறுத்தார்கள் என்று அந்த நூல்கள் எத்தனை வரி எழுதின?

என் பக்கத்துக்கும் துணை உண்டு. அதே விளையாட்டின் இன்னொரு கதை உலகமான 1994இன் பிளேன்ஸ்கேப்பில் அதார் (Athar) என்றொரு கூட்டம் வருகிறது. தெய்வங்கள் எனப்படுபவை இருக்கின்றன, பலம் மிக்கவைதான், ஆனால் வணங்கத் தக்கவை அல்ல என்பது அவர்கள் கட்சி. நான் மாற்றிய வசனம் ஏறக்குறைய அதுதான். தம்பியின் பக்கத்தில் 2004இல் கீத் பேக்கர் உருவாக்கிய எபரான் என்ற கதை உலகம் நிற்கிறது. அங்கே தெய்வங்கள் நேரில் வருவதில்லை. தெய்வத்தின் போதனையை மீறிய பூசாரிக்கும் மந்திரம் பலிக்கிறது. அப்படியானால் பலிக்க வைப்பது எது? அங்கே ஒரு ஓடக்காரி “கிடையாது” என்றால் யாரும் அவளைப் புத்தி கெட்டவள் என்று சொல்ல முடியாது. அந்த உலகை அமைத்தவர்கள் அவளுக்காக இடம் விட்டிருக்கிறார்கள். நாங்கள் விடவில்லை.

நம்மூர் நாத்திகத்தை நினைத்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பெரியார் ‘கடவுள் இல்லை’ என்றபோது அது ஆதாரம் பற்றிய வாதமாக மட்டும் இருக்கவில்லை. யார் கருவறைக்குள் போகலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதோடு சேர்ந்த வாதம் அது. இல்லை என்பதும் கும்பிடமாட்டேன் என்பதும் ஒரே மூச்சில் வந்தன. அப்படிப் பார்த்தால், காயம் ஆறும் உலகிலும் ஓடக்காரிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது: யார் காயத்தை ஆற்றினார்கள், யாரைத் துறையிலேயே சாக விட்டார்கள்? என் வசனத்தில் அந்த மறுப்பின் பாதி இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பாதியை வெட்டியவள் நான்தானே என்றும் தோன்றுகிறது.

தம்பி கடைசியாகக் கேட்டதுதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. “பூசாரியின் வசனத்தை ஏன் யாரும் தொடவில்லை அக்கா? ‘என் அம்மனை நம்புகிறேன்’ என்கிறார். தினமும் கண்ணெதிரே வருகிறவளை எதற்கு நம்ப வேண்டும்?”

இதற்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. அம்மன் இருக்கிறாள் என்று அவர் நம்பத் தேவையில்லைதான். நாளையும் வருவாள், கைவிடமாட்டாள், கேட்டால் கொடுப்பாள் என்று நம்பத் தேவை இருக்கிறது. தெய்வம் நடமாடும் உலகில் பக்தி என்பது அதுவாகத்தான் இருக்க முடியும். அப்படியென்றால் அந்த உலகின் நாத்திகம், அவளை நம்பிப் பயனில்லை என்பது. என் வசனம் சரியாகவே நிற்கிறது.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “இதிலும் அவள் இருக்கிறாள் என்றுதானே தொடங்குகிறீர்கள்?” என்றார். அடுத்த கதையில் மந்திரம் எங்கிருந்து வருகிறது என்பதை விதிநூலில் எழுதாமல் விடலாம் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறேன். வரங்களின் பட்டியல் இல்லாமல் ஆட்டம் ஓடாது என்கிறார்கள். தம்பி அந்தக் கதைக்கும் ஒரு ஓடக்காரியை எழுதி வைத்திருக்கிறார், அதே வசனத்தோடு. தாள் என் மேசையில்தான் இருக்கிறது. நான் இன்னும் அதில் கை வைக்கவில்லை.