ஒன்றரை மீட்டர் கேபிள், ஒன்றரை மணி நேர மல்லுக்கட்டு

பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 50 ஜிபி போட்டோக்களைப் புதியதற்கு மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு லேன் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் உட்காருவார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் மேஜைக்கடியில் தவழ்ந்தபடி கேபிளை உருவி, ஊதி, மறுபடி செருகிக்கொண்டிருப்பார்கள். ஊதினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் மருந்தே கிடையாது.

கேபிள் பாவம். போர்ட் பக்கத்தில் விளக்கு எரிந்தால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். 'கிராஸ் ஓவர் கேபிள் போடணும்' என்று, அதாவது அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் ஒரு முனையில் இடம் மாறியிருக்கும் கேபிள் வேண்டும் என்று, யாராவது பின்னால் நின்று சொல்வார்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) காலத்து ஞானம் அது. அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் போர்ட் இருந்தால் எந்த ஜோடிக் கம்பியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதை அதுவே சரிசெய்துகொள்ளும். சாதாரண கேபிள் போதும். இரண்டு முனையும் தட்டையாக இருக்கும் யுஎஸ்பி கேபிளை மட்டும் செருகிப் பார்க்காதீர்கள். இரண்டு பக்கமிருந்தும் 5 வோல்ட் முட்டிக்கொள்ளும், போர்ட் கெட்டுப்போகலாம்.

விளக்கு எரிந்தும் இரண்டும் கண்டுகொள்ளவில்லையா? முகவரி கொடுக்கும் ரவுட்டர் நடுவில் இல்லையே! கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துவிட்டு, விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும். ஆனாலும் கையால் கொடுப்பதுதான் நிம்மதி: புதியதற்கு 192.168.50.1, பழையதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே வரிசை என்று சொல்லும் எண்) இரண்டுக்கும் 255.255.255.0. கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலின் முகவரி கேட்கும் கட்டம், காலியாகவே இருக்கட்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது நிரப்பிவிட்டு, 'நெட் வரலையே' என்று தனியாக ஒரு புலம்பல் தொடங்கும். வைஃபை 192.168.1 வரிசையில் இருந்தால் கேபிளுக்கும் அதே வரிசையைக் கொடுக்காதீர்கள். எந்த வழியாக அனுப்புவது என்று கம்ப்யூட்டர் குழம்பிப்போகும்.

இப்போது ஒன்றிலிருந்து மற்றதன் முகவரிக்கு பிங் அடியுங்கள்; 'இருக்கிறாயா?' என்று கேட்கும் கட்டளை அது. வரும் பதிலில்தான் சூட்சுமம் இருக்கிறது. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்றால் எதிராளியைக் காணவே காணோம்: முகவரியில் ஒரு எண் பிசகியிருக்கும், இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டர் தூங்கியிருக்கும். 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் ஆள் உள்ளேதான் இருக்கிறார், கதவைத்தான் திறக்கவில்லை. கதவு என்பது ஃபயர்வால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று முத்திரை குத்தி, நம்பத்தகாத 'பப்ளிக்' பட்டியலில் தள்ளிவிடும். அதை பிரைவேட் ஆக்கி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி பப்ளிக்காகிவிடவும் கூடும். அதனால்தான் சொல்கிறேன், தவழாதீர்கள்.

பழையதில் ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு, புதியதில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் \\192.168.50.2 என்று அடித்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கேதான் வீடே ரெண்டாகும். தினமும் அடிக்கிற நாலு இலக்க பின் (PIN) இங்கே செல்லாது. அது அந்தப் பெட்டியைத் திறக்க மட்டும்தான். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கின் முழு பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கென்றால் இன்னும் விசேஷம்: நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளேயே விடாது.

ஒருவழியாக காப்பி ஓடத் தொடங்கும். ஜிகாபிட்டில் நொடிக்குச் சுமார் 110 எம்பி, 50 ஜிபிக்கு எட்டு நிமிடம்கூட ஆகாது. குட்டிக் குட்டி ஃபைல்களாக இருந்தால் இழுக்கும், அது சகஜம். ஆனால் ஒரே பெரிய வீடியோவே நொடிக்கு 11 எம்பியைத் தாண்டாமல் நொண்டினால் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. அந்த வேகத்துக்கு எட்டுக் கம்பிகளில் நாலு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரண்டு போர்ட்டும் ஜிகாபிட்தான் என்றால், எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது மேஜைக்கடியில் போகலாம். வேறு கேபிளோடு.