கொல்லைப்புற டிரம்மில் வெள்ளாட்டுச் சப்பை: தை முதல் ஆடி வரை குறித்து வைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி நேரம் புகையில் கிடந்த முன்னங்கால் சப்பையின் எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினேன், கறியை விட்டுச் சுத்தமாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றபோது இருந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை, அதனால்தான் தை மாதத்திலிருந்து நோட்டில் கிறுக்கி வைத்ததையெல்லாம் எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இருப்பது காரைக்குடிப் பக்கம். கறி சமைக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லாத ஊர், ஆனால் முழுத்துண்டாகப் புகையில் வேகவைக்கிறவர் எனக்குத் தெரிந்து பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் கேட்டுக் கற்றதைவிடக் கெடுத்துக் கற்றதுதான் அதிகம்.

முதலில் டிரம். 200 லிட்டர் இரும்பு டிரம், மாங்கூழ் வந்தது. கூழைப் பெரிய பையில் அடைத்து அந்தப் பையை டிரம்முக்குள் வைத்துத்தான் ஆலைகளிலிருந்து அனுப்புகிறார்கள், எனவே உட்புறத்தில் எதுவும் ஊறியிருக்காது. ரசாயனமோ பூச்சிமருந்தோ வந்த டிரம் என்றால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. உள்ளே சவுக்கு விறகு போட்டு இரண்டு மணி நேரம் கொழுந்துவிட்டு எரியவிட்டேன், பூச்சும் பெயின்டும் உரிந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கடலெண்ணெய் தடவி இன்னொரு முறை சூடாக்கினேன். வெல்டிங் பட்டறை அண்ணன் அடிப்பக்கம் முக்கால் அங்குலத்தில் நான்கு காற்றோட்டைகள் போட்டு, திறந்து மூட வால்வும் வைத்து, மேல்மூடியில் ஒரு புகைபோக்கியும் பொருத்திக் கொடுத்தார். கறி வைப்பதற்கு நான் ஜிஐ வலை, அதாவது துத்தநாகம் (ஜிங்க்) பூசிய இரும்பு வலை, வாங்கிப் போயிருந்தேன். அதைப் பார்த்ததும், "தம்பி, இதுல கறியை வைக்காதீங்க, ஜிங்க் சூடானா வர்ற புகையில எங்களுக்கே காய்ச்சல் வந்திருக்கு" என்று சொல்லி வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். எவர்சில்வர் கம்பியில் வட்டமாகத் தட்டு செய்தோம். கரிக்கூடைக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. அந்த இரண்டடிதான் சுடுவதையும் புகையில் வேகவைப்பதையும் பிரிக்கிறது.

கரிக்கு நான் எங்கும் அலையவில்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக் கருவேலங்கரிதான். ஒன்றோடு ஒன்றைத் தட்டினால் கிண்ணென்று சத்தம் வர வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே இன்னும் விறகாக இருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துண்டு வெள்ளைப் புகையாகக் கக்கும், பொறுக்கி எடுத்து வைத்துவிடுவேன். டெக்சாஸில் கறி சுடுகிறவர்கள் மெஸ்கீட் மெஸ்கீட் என்று சொல்வார்களே, அந்த மரமும் நம் சீமைக் கருவேலமும் நெருங்கிய பங்காளிகள். நம்முடையதும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். கண்மாயையும் தரிசையும் விழுங்கிய மரம் என்று இங்கே எல்லோருக்கும் அதன் மேல் கோபம், எனக்கும் உண்டு, ஆனால் கரியாக அது எரிகிற விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் முயற்சி, பொங்கல் கழிந்த வாரம். ஒரு முழுக்கோழி. கொல்லையில் கவாத்து பண்ணின கொய்யாக் கிளை கிடந்தது, வெட்டி மூன்று வாரம்தான் ஆகியிருக்கும், அதையே துண்டு போட்டுக் கரி மேல் வைத்தேன். சூடு ஏறிக்கொண்டே போகவும் பயந்து அடி வால்வுகளையும் மேல் புகைபோக்கியையும் சேர்த்து அடைத்துவிட்டேன். டிரம்மின் இடுக்கெல்லாம் பால் மாதிரி கெட்டியான வெள்ளைப் புகை. எனக்கு அது நல்ல அறிகுறியாகத் தெரிந்தது, புகை போடத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன். கோழி கறுத்து, பளபளவென்று, பார்க்க அழகாக இருந்தது. வாயில் வைத்தால் கசப்பு, நுனி நாக்கு மரத்துப் போகிற கசப்பு. முழுதாக எரியாத விறகிலிருந்து கிளம்புகிற தார் கறி மேல் படிந்த கசப்பு அது. அன்றைக்குப் பிறகு எத்தனையோ மாற்றிவிட்டேன், ஆனால் இதில் மட்டும் மாற்றமே இல்லை: மேல் புகைபோக்கி எப்போதும் முழுதாகத் திறந்திருக்கும், சூட்டை அடி வால்வில் மட்டும்தான் கூட்டுவேன், குறைப்பேன். விறகு குறைந்தது ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். புகைபோக்கியில் புகை வருகிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லிசாக, வெயிலில் பார்த்தால் இலேசான நீலமாகத் தெரியும்போதுதான் கறியை உள்ளே வைக்கிறேன். அதற்கு அரை மணியோ முக்கால் மணியோ காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கிறேன்.

இரண்டாவது கோழியில் கசப்பு இல்லை, தோல்தான் ரப்பர் மாதிரி இழுத்தது. 110 டிகிரி செல்சியஸில் கோழித்தோலின் கொழுப்பு சரியாக உருகுவதில்லை. மூன்றாவது முறை 165க்கு ஏற்றி வைத்தேன், ஒன்றேகால் மணி நேரத்தில் தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி தாண்டிவிட்டது, தோலும் மொறுமொறுப்பாக இருந்தது. கடையில் தோலோடு மஞ்சள் தடவி வாட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். உரித்த கோழி இதற்கு ஆகாது.

மாசியில் வெள்ளாட்டுக்கு வந்தேன். முதலில் பின்தொடை, ஒரு கிலோ எண்ணூறு. கறிக்கடை அண்ணன் கத்தியை ஓங்கிவிட்டார், "வெட்ட வேண்டாம் அண்ணே, முழுசா குடுங்க" என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "முழுசாவா? எந்தப் பாத்திரத்துல தம்பி வைப்பீங்க?" என்று கேட்டார். பெரிய துண்டு, நல்ல சதை, இதுதான் சிறந்தது என்று நம்பி வாங்கினேன். 90 டிகிரி வரை கொண்டுபோனேன், நார் நாராக, காய்ந்த தேங்காய்நார் மாதிரி ஆகிவிட்டது. வெள்ளாட்டுத் தொடையில் கொழுப்பே கிடையாது, சவ்வும் குறைவு. பிறகுதான் புரிந்தது, நீண்ட நேரம் வேகவைக்க வேண்டியது ஓடியாடி உழைத்த, சவ்வு நிறைந்த இடத்தை. தசையைக் கட்டியிருக்கும் அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேல் மெதுவாகக் கரைந்து பசையாகிறது, ஆட்டுக்கால் பாயாவில் விரல் ஒட்டுமே, அதே பசை. அது கறிக்குள்ளேயே தங்கினால் கொழுப்பில்லாத கறியும் வறண்டு போகாது. அதனால்தான் சப்பைக்கு மாறினேன்.

சப்பையை மூன்று முறை செய்துவிட்டேன், போன ஞாயிறு செய்தது மூன்றாவது. ஒரு கிலோ அறுநூறு இருந்தது. முதல் நாள் இரவே கல் உப்பைப் பொடித்து, கிலோவுக்குப் பன்னிரண்டு கிராம் கணக்கில் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் ஒன்றிரண்டாக இடித்த மிளகும் கொஞ்சம் மல்லியும், அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது தடவிப் பார்த்திருக்கிறேன், நீண்ட நேரத்தில் தீய்ந்து கசக்கிறது.

நெருப்பு போடுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். நான்கு கிலோ பற்றவைக்காத கரியைக் கூடையில் கொட்டி, நடுவில் குழி பறித்து, அந்தக் குழியில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கங்குகளைப் போடுவேன். நெருப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக ஊர்ந்து போகும். ஜிம் மினியன் என்ற அமெரிக்கர் பரப்பியதால் அவர் பெயரிலேயே சொல்கிற முறை இது. அங்கங்கே கைமுட்டி அளவில் நான்கைந்து காய்ந்த கொய்யாத் துண்டுகளைப் புதைத்து வைத்தேன். கறிக்கு அடியில் மானாமதுரைச் சட்டி ஒன்றில் தண்ணீர். 115க்கும் 125க்கும் நடுவிலேயே டிரம் நின்றது, இரண்டு வால்வு முழுதாக மூடி, ஒன்று பாதி, ஒன்று கால் பங்கு திறந்து.

மூன்று மணி நேரத்தில் கறிக்குள் 68 டிகிரி வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. முதல் சப்பையில் இப்படி நின்றபோது பதறிப்போய் வால்வையெல்லாம் திறந்து வெளிப்புறத்தைக் கருக்கிவிட்டேன். இப்போது காரணம் தெரியும், கறியின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிற அதே காரணம். அந்த ஆவியைத் தடுத்தால் மறுபடி ஏறும். அலுமினியத்தாளில் சுற்றிப் பார்த்தேன், ஏறியது, ஆனால் மேலே கட்டியிருந்த கறுத்த பொருக்கு ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. இந்த முறை வாழையிலையை அனலில் வாட்டி, மூன்று அடுக்காகச் சுற்றி, வாழைநாரால் கட்டி வைத்தேன். இலை கொஞ்சம் மூச்சு விடுகிறது போல, பொருக்கு கெடவில்லை, இலை வாசமும் புகை வாசமும் சேர்ந்து பிரிக்கும்போது வந்ததே, அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. 94 டிகிரியில் எடுத்து, அந்த இலைக்கட்டோடு பழைய துண்டில் சுற்றி ஒரு மணி நேரம் பாத்திரத்தில் மூடி வைத்தேன்.

பிரித்ததும் அம்மா, "என்னப்பா, ஓரமெல்லாம் ரோஸ் கலர்ல இருக்கு, வேகவே இல்லையே" என்றார். புகையில் இருக்கிற வாயுக்கள் கறியின் சிவப்போடு ஒட்டிக்கொண்டால் எவ்வளவு வெந்தாலும் அந்த நிறம் மாறாது என்று விளக்கி, வெப்பமானியின் ஊசியையும் குத்திக் காட்டினேன். அம்மா ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பத்தா உப்புக்கண்டம் கோத்து அடுப்புக்கு மேல தொங்கவிடும்ல, அந்த வாசம்டா இது" என்றார். எனக்கு அப்பத்தா அடுப்பு நினைவில்லை. இந்த டிரம்மில் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்கு அந்த நிமிடம் வரை முழுதாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன், அன்றைக்கு இரவு மீதிக் கறியை இடியாப்பத்துக்கு அவரே பிய்த்துப் போட்டார்.

இடையில் சித்திரையில் கானாங்கெளுத்தி மீனும் செய்தேன், ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகக் காற்றில் உலர்த்தி, சூடு குறைவாக ஒன்றரை மணி நேரம். கொழுப்புள்ள மீன், புகையை நன்றாகப் பிடித்தது. அதைத் தனியாக எழுத வேண்டும், இன்னும் இரண்டு முறையாவது செய்த பிறகு.

வேம்பை மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள், ஒரே ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன், அந்தக் கசப்பு முதல் கோழியைவிட மோசம். டிரம்மைத் தகரக் கொட்டகைக்குள் வைத்து மூட்டவும் கூடாது. கரிப்புகை உள்ளே தேங்கினால் வாசம்கூடத் தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும், மழை வந்தாலும் திறந்தவெளிதான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கொய்யா விறகைப் பிளந்து திண்ணையோரம் அடுக்கிவிட்டேன், கரி மூட்டைக்கு அடியில் இரண்டு வரிசை செங்கல். அடுத்தது கழுத்து, சவ்வு அதிகம் உள்ள இடம், அதனால் எட்டு மணி நேரம் ஆனாலும் ஆகும். கறிக்கடை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், வருகிற ஞாயிறு ஒரு முழுக்கழுத்தைக் கத்தி படாமல் எடுத்து வைப்பதாகச் சொன்னார், எப்படி வருகிறதென்று பார்க்கத் தனக்கும் ஒரு துண்டு வேண்டுமாம்.